கடலை மிட்டாய்க்கு இன்ஸ்டா விளம்பரம்: மாசம் 20,000 குடுக்கலாமா?

கரிசல்காட்டான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டியில எங்க வீட்டுத் தொழில் கடலை மிட்டாய். அப்பாதான் இன்னும் பாகு காய்ச்சுறாங்க. அம்மாவும் நாலு வேலையாளுங்களும் கூட இருக்காங்க. சரக்குல பெரும்பகுதி சாத்தூர், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் கடைகளுக்கு மொத்தமாப் போகுது. அதுல கையில நிக்கிறது சொற்பம், கடலை விலை ஏறிட்டா அதுவும் கிடையாது. நேரடியா வீடுகளுக்கு அனுப்பி விக்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஒரு விளம்பர ஏஜென்சியில விசாரிச்சேன். மாசம் 20,000 ரூபா, பன்னெண்டு ரீல்ஸ், எட்டு போஸ்டர், ஆறு மாசத்துல பத்தாயிரம் ஃபாலோயர்ஸ்ங்கிறாங்க. சாப்பாட்டு வீடியோ போடுற ஒருத்தர் தனியா 15,000 கேக்கிறார். காசு வாங்கினதை வீடியோவில சொல்ல மாட்டாராம், சொன்னா ஜனங்க நம்ப மாட்டாங்களாம். அப்பாவோ "சரக்கு நல்லா இருந்தா தேடி வருவாங்க, இதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு"ன்னு சொல்றாங்க. அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க.

சுங்குடி அக்கா

தம்பி, நான் மதுரையில சுங்குடிச் சேலை விக்கிறேன், துணியில நூலால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துற சேலை. கடை கிடையாது, வீட்டு மாடிதான். வியாபாரம் முழுக்க இன்ஸ்டாவும் வாட்ஸ்அப்பும்தான்.

முதல்ல அந்த ஏஜென்சிகிட்ட ஒண்ணு கேளுங்க: ஃபாலோயர்ஸ் பத்தாயிரம் வரட்டும், ஆர்டர் எத்தனை வரும்? அதுக்கு அவங்க பதில் சொல்லலைன்னா பணம் குடுக்காதீங்க. எண்ணிக்கை காட்டுறதுக்கு எங்கிருந்து வேணும்னாலும் ஆளைச் சேத்துடலாம். உங்ககிட்ட வாங்கப்போறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் பிறந்து வளந்து, இப்போ சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் வேலை பாக்குறவங்க. ரயில் கோவில்பட்டியில நின்னதும் ஜன்னல் வழியா மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டவங்க. அவங்களுக்கு ருசியை நீங்க விளக்க வேண்டியதில்ல. நேரா உங்ககிட்டயே வாங்கலாம்னு தெரிஞ்சா போதும்.

அடுத்தது, என்ன காட்டுறதுன்னு. "தீபாவளி அதிரடி ஆஃபர்"னு மஞ்சள் எழுத்துல போஸ்டர் போட்டா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க, அப்படியே தள்ளிட்டுப் போயிடுவாங்க. என் பக்கத்துல அதிகம் பேர் பாத்த வீடியோ எது தெரியுமா? சாயம் போட்டுக் காய்ஞ்ச சேலையை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்க, நூல் முடிச்செல்லாம் படபடன்னு அவிழும். முடிச்சு இருந்த இடத்துல எல்லாம் வெள்ளைப் புள்ளி தெரியும். பாட்டு இல்ல, பேச்சும் இல்ல, அந்தச் சத்தம் மட்டும்தான். அச்சடிச்ச புள்ளிக்கும் கையால முடிஞ்ச புள்ளிக்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்னு அதைப் பாத்தவங்க யாரும் அப்புறம் என்கிட்ட கேக்கலை. சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ப் பொருள்தான்னு அரசு குடுக்குற முத்திரை, கிடைச்சிடுச்சு. ஆனாலும் அந்த முத்திரையை விட இந்த வீடியோதான் எனக்குச் சேலை வித்துக் குடுக்குது.

உங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. அப்பா பாகுப் பதம் பாக்குறாங்கல்ல, ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு எடுத்துத் தட்டுல போட்டா டங்குனு சத்தம் வரணும். அதை எடுங்க. வறுத்த கடலையில தோல் போறதை எடுங்க. பலகையில கொட்டி உருளையால தேய்க்கிறது, மேல கலர் தேங்காய்ப்பூ தூவுறது, ஒவ்வொண்ணும் ஒரு வீடியோ. இருபதாயிரம் வாங்குறவங்க வந்து எடுத்தாலும் இதைத்தான் எடுக்கணும். உங்க போனே போதும், லென்ஸை மட்டும் வேட்டித் துணியில துடைச்சுக்கோங்க, வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும்.

விலையை வெளிப்படையா எழுதுங்க தம்பி. "இன்பாக்ஸ்ல வாங்க"ன்னு சொல்ற கடையைப் பாத்தாலே எனக்குக் கோபம் வரும். ஆளுக்கு ஒரு விலை சொல்லப்போறாங்கன்னுதான் வாங்குறவங்க நினைப்பாங்க. அரைக் கிலோ இவ்வளவு, கூரியர் இவ்வளவுன்னு பதிவுலயே இருக்கட்டும்.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். இன்ஸ்டாவுல இருக்குற கூட்டம் உங்களோடது இல்ல. 2018 ஜனவரியில ஃபேஸ்புக், இனிமே சொந்தக்காரங்க நண்பர்கள் பதிவுக்குத்தான் முன்னுரிமைன்னு மாத்தினாங்க. அதுக்கப்புறம் பக்கம் வச்சு விக்கிறவங்க பதிவு அவங்க ஃபாலோயர்ஸுக்கே சரியாப் போகலை. 2020 ஜூன் 29 அன்னைக்கு டிக்டாக்கைத் தடை பண்ணாங்க, அதுல லட்சக்கணக்குல ஆள் சேத்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சலை. வாடகை வீட்டுக்கு மார்பிள் போடுற மாதிரிதான் இது. அதனால ஒரு ஆர்டர் வந்தா அந்த நம்பரைப் பேரோட, ஊரோட, என்ன வாங்கினாங்கங்கிறதோட ஒரு நோட்டுல எழுதுங்க. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போட்டுக்கோங்க, காசில்ல. அதுல பிராட்காஸ்ட் லிஸ்ட்னு இருக்கு, ஒரே மெசேஜை எல்லாருக்கும் தனித்தனியா அனுப்பும், ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர். ஆனா உங்க நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாதான் மெசேஜ் போய்ச் சேரும். பார்சல்ல ஒரு சின்னச் சீட்டு வச்சு "இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க"ன்னு எழுதுங்க. அனுப்பலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க. மாசம் ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம், தொந்தரவுன்னு பிளாக் பண்ணிட்டா அந்த ஆள் போனது போனதுதான்.

மாசக் கடைசியில நான் வியூஸ் பாக்க மாட்டேன். ரெண்டாவது தடவை வாங்கினவங்க யாரு யாருன்னு நோட்டைப் பாப்பேன். அப்பா சொல்றது சரிங்கிறது அங்கதான் தெரியும். முதல் ஆர்டரை வீடியோ கொண்டு வரலாம், ரெண்டாவதைச் சரக்குதான் கொண்டு வரும்.

கோவை விளம்பரக்காரர்

அக்கா சொன்னதோட சேத்து சிலது. இருபது வருஷமா விளம்பர வேலையில இருக்கேன்.

காசு வாங்கினதைச் சொல்லாம வீடியோ போடுறவர் பக்கமே போகாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரைக்கும், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. தயாரிக்கிறவருக்கும் போடலாம், பரிந்துரைக்கிறவருக்கும் போடலாம். 2023 ஜனவரியில மத்திய அரசு இதுக்குன்னே வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. காசோ பொருளோ வாங்கியிருந்தா பாக்குறவங்களுக்குத் தெளிவாத் தெரியுற மாதிரி, வீடியோ எந்த மொழியோ அதே மொழியில சொல்லணும். "விளம்பரம்"னு எழுதிட்டு நல்லாப் பேசுறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போங்க.

வெல்லம்தானே, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்னு எழுதவே எழுதாதீங்க. அது பொய், அதை நம்பிச் சாப்பிடுறவங்க உடம்பு கெடும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு வந்திருக்கு, அந்த முத்திரையைப் போடணும்னா அங்கீகரிக்கப்பட்ட பயனாளராப் பதிவு செய்யணும். உங்க ஊர்ச் சங்கத்துல கேட்டுப் பாருங்க. பாக்கெட்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க எண் இல்லாம வெளியூருக்கு அனுப்ப வேண்டாம்.

விளம்பரம் போட்டா, போட்ட பதிவையே காசு குடுத்துப் பரப்புற பூஸ்ட் பட்டன் இன்ஸ்டாவுல இருக்கு, அதை அப்படியே அமுக்காதீங்க, அதுல ஆர்டர் வரும்னு சொல்ல முடியாது. இன்ஸ்டா, ஃபேஸ்புக் விளம்பரங்களைப் போடுற ஆட்ஸ் மேனேஜர் போய், தொட்டா நேரா உங்க வாட்ஸ்அப் திறக்குற விளம்பரமாப் போடுங்க. பணத்தோட 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், அதையும் கணக்குல வைங்க.

பெங்களூர்வாசி

நான் வாங்குற ஆளு. சாத்தூர்தான் சொந்த ஊர். எனக்கு எந்த ரீலும் வேண்டாம். செஞ்ச தேதி பாக்கெட்ல இருக்கணும், நமுத்துப் போகாம வரணும், உடைஞ்சு வந்தா போன் எடுத்துப் பேசணும். போன தடவை ஒரு இடத்துல வாங்கினேன், மெழுகு மாதிரி பல்லுல ஒட்டிச்சு. போட்டோ அனுப்பினேன், பாத்துட்டுப் பதிலே இல்ல. அதுக்கப்புறம் அவங்க போடுற வீடியோவைப் பாத்தா எரிச்சல்தான் வருது.

கரிசல்காட்டான்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. ஏஜென்சிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு சந்தேகம். அப்பா கேமரா முன்னாடி வர மாட்டேங்கிறாங்க. விளம்பரத்துக்கு எவ்வளவுல ஆரம்பிக்கலாம்?

சுங்குடி அக்கா

அப்பா முகம் எதுக்கு தம்பி, கை போதும். அந்தக் கையைப் பாத்தாலே தொழில் தெரிஞ்சவர்னு புரியும். கூச்சம் போனதும் அவங்களே பேசுவாங்க, வற்புறுத்தாதீங்க.

காசு விஷயத்துல, முதல் மாசம் விளம்பரமே வேண்டாம். சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்கன்னு வெளியூர்ல இருக்குறவங்களுக்கு அனுப்பிப் பாருங்க. பாக்கிங் தாங்குதான்னு அதுலயே தெரிஞ்சிடும். வெல்லம் ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில இன்னும் மோசம். காத்துப் புகாத பையில போட்டு ஒட்டி, அதுக்கு மேல அட்டைப்பெட்டி வைங்க. மிட்டாய் நல்லபடியாப் போய்ச் சேருதுன்னு உறுதியானதும் ஒரு நாளைக்கு 200, 300 ரூபான்னு ஒரே ஒரு ஊருக்குப் போடுங்க. சென்னையில ஆரம்பிங்க. ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு எவ்வளவு ஆச்சுன்னு எழுதி வைங்க. அது உங்க லாபத்தைத் தின்னுச்சுன்னா நிறுத்திட்டு வீடியோவை மாத்துங்க.

தீபாவளி நேரத்துல கூரியர் திணறும். பத்து நாள் முன்னாடியே ஆர்டரை நிறுத்திட்டு, கடைசித் தேதி இதுதான்னு முன்கூட்டியே போட்டுடுங்க. கேட்டுட்டு வர்றவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லக் கஷ்டமா இருக்கும். ஆனாலும் சொல்லிடுங்க.