கேத்தியில் உருளைக்கிழங்கு கருகுகிறது: செடியை அறுத்துவிடலாமா?

நீலகிரி, கேத்தி. கார் போகம், குஃப்ரி ஜோதி ரகம், அரை ஏக்கர். நட்டு இரண்டரை மாதம் இருக்கும். ஒரு வாரமாக வெயிலே இல்லை, மழையும் மூடுபனியும்தான். இலை ஓரம் நீர் கோத்துக் கறுக்கிறது, காலையில் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம். பின் கருகல் நோய்தான், சந்தேகமில்லை. இந்த ரகம் அதைத் தாங்கிய காலமெல்லாம் போயாச்சு.

மேன்கோசெப் பூஞ்சாணக் கொல்லி லிட்டருக்கு 2 கிராம், ஒட்டுத் திரவம் சேர்த்து அடித்தேன், மழை கழுவிவிட்டது. அப்புறம் ‘சைமாக்சனில்’ என்ற மருந்து சேர்ந்த கலவையும் அடித்தாச்சு. மேல்பாத்தி பரவாயில்லை, கீழ்ப்பாத்தியில் தண்டு வரை இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்ததில் கிழங்கு சுத்தமாக இருக்கிறது, ஆனால் சிறிசு, தோல் முற்றவில்லை.

கீழ்ப்பாத்திச் செடியை இப்போதே அறுத்து அப்புறப்படுத்தி, தோல் முற்றும்வரை கிழங்கை மண்ணில் விடலாமா, இல்லை இன்னொரு மருந்து அடித்துப் பார்க்கலாமா?