ஊர் மாறி இறங்குவது விமானியின் குற்றம் மட்டுமா?

செவ்வாய்ப்பேட்டையார்:
சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு ஐ.எல்.எஸ். (வானொலி அலைகளால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டும் கருவி) கேட்டு நாம் அனுப்பவிருக்கும் மனுவில், அந்த வசதி இல்லாவிட்டால் விமானி வேறு ஊரில் இறங்கிவிடக்கூடும் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது. அதை நான் எதிர்க்கிறேன். 2014 ஜனவரி 12 அன்று அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து பிரான்சன் நகருக்குச் சென்ற சவுத்வெஸ்ட் போயிங் 737, அங்குள்ள 7,140 அடி ஓடுபாதையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கிளார்க் என்ற சிறு நிலையத்தின் 3,738 அடி ஓடுபாதையில் இறங்கி, அதன் முனையருகே போய் நின்றது. சேரவேண்டிய இடத்தைக் காட்டும் கருவிகள் விமானி அறையிலேயே இருந்தும் விமானிகள் இருவரும் அவற்றோடு சரிபார்க்கவில்லை என்பதே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. இது முழுக்க விமானிகளின் கவனக்குறைவு.

ஏற்காட்டுவாசி:
ஐயா, கவனக்குறைவு என்று சொன்னால் கவனமானவர்களுக்கு இது நேராது என்று பொருளாகிவிடும். அன்று அவர்கள் இறங்கிய முறை விசுவல் அப்ரோச். அது, விமான நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமானி சொன்னபின், அதைப் பார்த்தபடியே இறங்க அனுமதிக்கும் முறை. பிரான்சனின் ஓடுபாதை எண் 14, கிளார்க்கினுடையது 12. இந்த எண் ஓடுபாதையின் திசையைப் பத்து டிகிரிக் கணக்கில் குறிப்பது, அதாவது திசையில் ஏறக்குறைய இருபது டிகிரிதான் வேறுபாடு. இரவில், எதிர்பார்த்த பக்கத்தில், சுழல்விளக்கும் பளிச்சென்ற ஓடுபாதை விளக்குகளும் முதலில் தென்பட்டால், மனம் அதையே வரவேண்டிய இடமாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஏற்காட்டு மலையின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்று பாருங்கள். கீழே சேலம் முழுவதும் விளக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். யாராவது ஒரு வரிசையைக் காட்டி "அதோ ஐந்து ரோடு மேம்பாலம்" என்று சொல்லிவிட்டால், அது வேறு சாலையாகவே இருந்தாலும், பக்கத்தில் நிற்பவர்கள் அனைவருக்கும் மேம்பாலமாகவே தெரியத் தொடங்கும். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இப்படித்தான். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருபவருக்கு நின்று யோசிக்கவும் நேரமில்லை.

செவ்வாய்ப்பேட்டையார்:
நேரமில்லை என்பதால்தானே கருவிகள் இருக்கின்றன! 2013 நவம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டாவில் நடந்ததைப் பாருங்கள். மெக்கானெல் படைத்தளத்துக்குச் சென்ற போயிங் 747 டிரீம்லிஃப்டர் சரக்கு விமானம், ஜி.பி.எஸ். வகுத்த பாதையில் முறையாக வந்துகொண்டிருந்தபோது, முன்னால் ஓடுபாதை விளக்குகளைக் கண்டதும் அந்தப் பாதையைக் கைவிட்டு, வடக்கே சில மைல் தள்ளியிருந்த ஜபாரா நிலையத்தில் இறங்கியது. எங்கே நிற்கிறோம் என்பதையே அவர்கள் கட்டுப்பாட்டு அறையோடு பேசிப் பேசித்தான் தெளிந்தார்கள். கையில் இருந்த சரியான வழியை விட்டது கண்ணின் பிழையன்று, ஒழுங்கின்மை.

ஓமலூரான்:
இருவருமே கட்டுப்பாட்டாளரை மறந்துவிட்டீர்கள். குழப்பம் தரக்கூடிய பக்கத்து நிலையத்தை விமானம் கடந்து சென்ற பிறகே இறங்கும் அனுமதி தரப்பட வேண்டும் என்று அதே வாரியம் 2015ல் பரிந்துரைத்தது. விமானிகளைத் திட்டுவதைவிட இது பயனுள்ளது. பம்பாயில் 1953ல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் விமானமும், 1972ல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.8 விமானமும் பெரிய விமான நிலையமான சாந்தாகுரூஸ் என்று நினைத்து, அதன் அருகிலுள்ள சிறு நிலையமான ஜூஹுவில் இறங்கின. வெவ்வேறு நிறுவனத்தின் விமானிகள் பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் ஏமாந்தால், அந்த இடத்தின் அமைப்பையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் காமலாபுரத்துக்கு அருகில் குழப்புவதற்கு இன்னொரு பயணிகள் விமான நிலையம் கிடையாது. கோயம்புத்தூர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

ஏற்காட்டுவாசி:
பக்கத்து நிலையம் இல்லாவிட்டாலும் பிழை நேரும், தம்பி. 2017 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஓடுபாதை என்று எண்ணி, நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்த இணைப்புப் பாதையை (டாக்ஸிவே) நோக்கி இறங்கியது. தரையிலிருந்து சுமார் 60 அடி வரை தாழ்ந்த பிறகே மேலெழுந்தது. பக்கத்து ஓடுபாதையின் விளக்குகள் அன்று அணைக்கப்பட்டிருந்ததால், விளக்கெரிந்த தங்கள் ஓடுபாதையையே அந்தப் பக்கத்து ஓடுபாதையாகக் கருதி, அதற்கு வலப்புறமிருந்த இணைப்புப் பாதையில் இறங்கப் பார்த்தார்கள். கண்ணுக்குத் துணையாக ஒரு கருவி எப்போதும் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டையார்:
அந்தச் சான்று என் பக்கம் நிற்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஐ.எல்.எஸ். இருந்தது, அதன் அலைவரிசையைக் கையால் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று நடைமுறையும் இருந்தது, அவர்கள் அமைக்கவில்லை. காமலாபுரத்தில் கருவியை நிறுவினாலும் அதைப் பயன்படுத்தும் ஒழுக்கத்தை மனுவினால் பெற முடியாது. கட்டுப்பாட்டாளர் பற்றி ஓமலூரான் சொன்னதை ஏற்கிறேன். நமக்கு ஐ.எல்.எஸ். வேண்டியது வேறு காரணத்துக்காக: ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர், கிழக்கே 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேர்வராயன் மலை, மேகமும் மூடுபனியும் இறங்கும் நாள்களில் கண்பார்வையை மட்டும் நம்பினால் விமானம் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தை முதலில் எழுதி, ஊர் மாறி இறங்கும் வரியை நீக்கினால் இன்றே கையெழுத்திடுகிறேன்.

ஏற்காட்டுவாசி:
வரியை நீக்கச் சம்மதமில்லை, இரண்டாவதாக வைக்கலாம். வரைவைத் திருத்தி நாளை மாலை அனுப்புகிறேன்.