புதுப்பிப்பு: ஷீட்டையும் மீறிய கோரை
ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் தக்காளி நடும் முன், களைக்குப் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி அடிக்கலாமா, மல்ச்சிங் ஷீட் (பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போடலாமா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். 25 மைக்ரான் ஷீட் போட்டேன். சாரணை, பார்த்தீனியம் எல்லாம் அடங்கிவிட்டன. கோரை மட்டும் ஷீட்டையே ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வருகிறது! பெண்டிமெத்தலின் விதையிலிருந்து முளைக்கும் களையைத்தான் தடுக்கும். கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையிடம் அதன் பருப்பு வேகாது. பிடுங்கினால் தழை கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். இப்போது ஆள் விட்டுக் கொத்துகிறோம், கூலி கையைக் கடிக்கிறது. அடுத்த போகத்துக்கு முன் கோடையில் ஆழ உழுது, கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயப்போட்டு, அப்புறம் ஒரு தண்ணீர் விட்டு, முளைப்பதை அழித்த பிறகே நாற்று. சொட்டுநீர்க் குழாயை ஷீட்டுக்கு அடியில் விடச் சொன்ன ஹொசகோட்டே அண்ணனுக்கு நன்றி. பாத்திகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் தண்ணீர் படாததால் அங்கே களை பாதிதான்.