ரவுட்டரில் பென்டிரைவ்: ஆயுள் மூன்றே மாதமா?

கம்பிக்காரன்: "ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச லினக்ஸ் மென்பொருள்) ஓடும் ரவுட்டரில் பென்டிரைவை எக்ஸ்ட்ரூட்டாக (ரவுட்டரின் உள் நினைவகம் போதாதபோது மென்பொருளும் அமைப்புகளும் இருக்கும் இடமாக) போட்டால் மூன்றே மாதத்தில் செத்துவிடும்" என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். என் 16 ஜிபி பென்டிரைவ் நான்கு வருடமாக ஓடுகிறது. பாவம், அதற்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது.

மொட்டைமாடி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். என்னுடையது மூன்று மாதத்தில்தான் போனது. லாக், அதாவது ரவுட்டர் தன் நடப்பைக் குறித்துவைக்கும் பதிவு, எழுதி எழுதியே தேய்ந்துவிட்டது.

கம்பிக்காரன்: லாகா? அது ரேமில் அல்லவா இருக்கிறது! ரவுட்டரை அணைத்தால் லாகும் போச்சு. நீங்களாக மாற்றி வைக்காமல் பென்டிரைவில் ஒரு வரிகூட விழாது. மாற்றினீர்களா?

மொட்டைமாடி: மூன்று மாதம். ஒருநாள் காலையில் பார்த்தால் வைஃபை பெயரே பழையபடி ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

கம்பிக்காரன்: அப்படிச் சொல்லுங்கள்! பூட் ஆகும்போது பென்டிரைவ் கிடைக்காவிட்டால் ரவுட்டர் தன் உள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் பழைய அமைப்போடு எழுந்திருக்கும். அதற்குப் பெயர் சாவு இல்லை. கழற்றிக் கணினியில் செருகிப் பார்த்தீர்களா? ஸ்வாப் (ரேம் போதாதபோது பென்டிரைவையே ரேம் மாதிரி பயன்படுத்துவது) வேறு போட்டிருந்தீர்களா?

மொட்டைமாடி: ஸ்வாப் போடச் சொன்னதே நீங்கள்தான். போன தீபாவளி சமயம்.

கம்பிக்காரன்: நான் சொன்னது இசட்ரேம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது. 64 எம்பி ரேமை வைத்துக்கொண்டு பென்டிரைவில் ஸ்வாப் போட்டு, அதன்மேல் விளம்பரத் தடுப்புப் பட்டியலையும் ஏற்றினால் ராப்பகலாக எழுதத்தான் செய்யும். பழி மட்டும் எனக்கா?

இரவுப்பணி: எதற்கு இந்தச் சண்டை? நான் ரவுட்டர் பென்டிரைவில் படம் போட்டு டிவியில் பார்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

கம்பிக்காரன்: நீங்கள் வெறுமனே படிக்கிறீர்கள். எழுதினால்தான் ஃபிளாஷ் தேயும்.

இரவுப்பணி: சரி சார், பெரிய ஆள் நீங்கள்.

ஊர்க்குருவி: 4 எம்பி ஃபிளாஷ் ரவுட்டர்களை 19.07 பதிப்போடு கைவிட்டாயிற்று. கிழவனுக்கு ஏன் இன்னும் ஊன்றுகோல்? அப்புறம், யூஎஸ்பி 3.0 செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். இன்டெல் 2012லேயே எழுதிவிட்டது.

கம்பிக்காரன்: என்னுடையது 8 எம்பி. போர்ட் 2.0. வேறு ஏதாவது?

ஊர்க்குருவி: 8 எம்பியும் கிழம்தான்.

கம்பிக்காரன்: உங்களிடம் யாரும் கேட்கவில்லை. மொட்டைமாடி, கணினியில் செருகிப் பார்த்தீர்களா இல்லையா?

மொட்டைமாடி: மூன்று மாதம். பென்டிரைவ் மேசையில்தான் கிடக்கிறது, போட்டோ வேண்டுமா?

கம்பிக்காரன்: போட்டோவை வைத்து நான் என்ன செய்ய? எந்த டிரைவ் எங்கே இணைகிறது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பை இங்கே போடுங்கள்.

இரவுப்பணி: டிவியில் தமிழ் சப்டைட்டில் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. யாருக்காவது தெரியுமா?