ஸ்பை படத்தையும் சயின்ஸ் ஃபிக்‌ஷனையும் கலந்தால் ஏன் இப்படிச் சிக்கலாகிறது?

நள்ளிரவுக்காட்சி:

டெனெட் படத்தை இந்த வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். 2020-ல் வந்தபோதே மனதில் ஒட்டவில்லை, இப்போதும் அதே கதைதான். எனக்கு ஸ்பை படம் என்றால் உயிர், சயின்ஸ் ஃபிக்‌ஷனும் அதே அளவுக்குப் பிடிக்கும், அதனால் கிறிஸ்டோபர் நோலன் இரண்டையும் சேர்த்துத் தருகிறார் என்றதும் அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த படம் இது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் அசத்தல்தான். ஆஸ்லோ விமான நிலையக் காட்சிக்கு நிஜ 747 விமானத்தையே கொண்டுபோய்க் கட்டடத்தில் மோதவிட்டிருக்கிறார்கள். ஆனால் நாயகன் யாருக்காக வேலை செய்கிறான், எதிராளிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிடிபடுவதற்குள், சில பொருள்களுக்கும் ஆட்களுக்கும் நேரம் பின்னோக்கி ஓடும் இந்தக் கதையில் தோட்டா ஏன் துப்பாக்கிக்குத் திரும்பி வருகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அதை யோசித்து முடிப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். இதே நோலன் 2010-ல் எடுத்த இன்செப்ஷனில் இந்தத் தவிப்பு இல்லையே? இரண்டையும் கலந்தாலே இப்படித்தானா, இல்லை இந்தப் படத்தில் மட்டும்தானா? ஒழுங்காகக் கலந்த படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:

நல்ல கேள்வி. என் எண்ணம் இது: உளவுப் படம் மறைக்க வேண்டும், அறிவியல் படம் விளக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

2011-ல் வந்த டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை பார்த்திருப்பீர்கள். கேரி ஓல்ட்மேன் அதில் படம் தொடங்கி வெகுநேரம் வாயே திறப்பதில்லை. அதில் பீட்டர் கில்லம் என்ற உளவாளி தன் சொந்த அலுவலகத்தின் ஆவண அறையிலிருந்து ஒரு பதிவேட்டைத் திருடுவானே, அந்தக் காட்சியில் துப்பாக்கியும் கிடையாது, துரத்தலும் கிடையாது. ஒரு பை, வெளியிலிருந்து வரும் ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான். திருடி முடித்த கையோடு அவனை மேலே வரச்சொல்லி அழைக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு என்ன தெரியும் என்று நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நமக்கு வியர்க்கிறது. இப்படி வியர்க்க வேண்டும் என்றால் அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதில் நமக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது. பதிவேடு வெளியே போகக் கூடாது, பிடிபட்டால் தொலைந்தான். இது போதும்.

இன்செப்ஷன் தப்பித்தது இதனால்தான். கனவுக்குள் கனவு போனால் நேரம் நீளும் என்பதையெல்லாம் பாரிஸ் தெருவை மடித்துக் காட்டியபடியே முதல் பாதியில் பொறுமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பாலத்திலிருந்து வேன் விழுந்துகொண்டிருக்கும்போது ஹோட்டலில் எவ்வளவு நேரம் மிச்சம், பனிமலையில் எவ்வளவு மிச்சம் என்று நாமே கணக்குப் போடுகிறோம். டெனெட்டில் அந்த உலகம் இயங்கும் விதியையும் நோலன் ரகசியமாக வைத்துவிட்டார், ஆட்களின் நோக்கத்தையும் ரகசியமாக வைத்துவிட்டார். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

பால்கனிடிக்கெட்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டெனெட்டில் விதி தெளிவாகவே இருக்கிறது, அதுவும் ரொம்பக் கறாரான விதி. ஒரு வாரம் பின்னால் போக வேண்டும் என்றால் அந்த ஒரு வாரத்தையும் தலைகீழாக வாழ்ந்துதான் போக வேண்டும், குறுக்கு வழியே கிடையாது. 2004-ல் ஷேன் கேரத் ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்த ப்ரைமர் படத்திலும் கிட்டத்தட்ட இதேதான். ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமா, கால இயந்திரமான பெட்டிக்குள் ஆறு மணி நேரம் முடங்கிக் கிடக்க வேண்டும். பெட்டியை இயக்கிய நேரத்துக்கு முன்னால் போகவே முடியாது. கால இயந்திரக் கதைகளில் இவ்வளவு நேர்மை அபூர்வம், எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

தாலின் நகரத்துக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். நடுவில் கண்ணாடி, ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம், மறுபக்கம் நீலம். சிவப்பில் இருப்பவனுக்கு நேரம் முன்னே போகிறது, நீலத்தில் இருப்பவனுக்குப் பின்னே. விசாரிக்கிறவனுக்கு விசாரணையின் முடிவு ஏற்கெனவே தெரியும்! உளவுப் படத்தில் வழக்கமாக வரும் விசாரணைக் காட்சியை, இந்த விதி இல்லாமல் இப்படி எடுத்திருக்கவே முடியாது. எனக்குக் குறை வசனத்தில்தான். இசையும் முகமூடியும் சேர்ந்து பாதிப் பேச்சை விழுங்கிவிடுகின்றன. சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் வேறு படம்.

நள்ளிரவுக்காட்சி:

விதி கறார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வில்லன் சாட்டர் உலகத்தையே அழிக்க நினைப்பதைவிட அவன் மனைவி கேட் தன் மகனுக்காகத் தவிப்பதுதான் எனக்குப் புரிந்தது, அதற்குப் படத்தில் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. நாயகனுக்கோ பெயர்கூட இல்லை. சரி, கலவை கைகூடிய படங்கள்?

ரீல்பெட்டி:

முதலில் சோர்ஸ் கோட், 2011, டங்கன் ஜோன்ஸ் எடுத்தது. சிகாகோ போகும் ரயிலில் குண்டு, அதை வைத்தவனைக் கண்டுபிடிக்க ஒரு ராணுவ வீரனைத் திரும்பத் திரும்ப அந்தக் கடைசி 8 நிமிடத்துக்குள் அனுப்புகிறார்கள். ரயில் ஒரு தடவை வெடித்ததுமே விதி புரிந்துவிடும், அதற்கப்புறம் பயணிகள் முகத்தைத்தான் துழாவிக்கொண்டிருப்போம். ரகசியம் என்று படம் மிச்சம் வைப்பது அவன் உண்மையில் எங்கே இருக்கிறான் என்பதை. அதை இங்கே சொல்லமாட்டேன்.

கலவை சொதப்பியதற்கு எனக்குத் தோன்றும் உதாரணம் ஜேம்ஸ் பாண்டின் மூன்ரேக்கர். அதற்கு முந்தைய படத்தின் கடைசியில் அடுத்து ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி என்றுதான் போட்டிருந்தார்கள். 1977-ல் ஸ்டார் வார்ஸ் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, 1979-ல் பாண்டாக நடித்த ரோஜர் மூரை விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். வசூல் பிரமாதம். ஆனால் லேசர் சண்டை தொடங்கியதும் பாண்ட் உளவாளியாகச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகிறது. 1981-ல் ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி வந்தபோது அவரைத் தரைக்கு இறக்கிவிட்டார்கள், அது நல்ல முடிவு.

அப்புறம் ழான்-லுக் கோதாரின் ஆல்ஃபவில், 1965. பத்திரிகையாளர் வேடத்தில் ஓர் உளவாளி, கணினி ஆளும் நகரம், அழுவதுகூடக் குற்றம். இதற்கு அவர் செட் எதுவும் போடவில்லை. அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களையும் கண்ணாடிக் கதவுகளையும் நீண்ட நடைபாதைகளையும் இரவில் கருப்பு வெள்ளையில் எடுத்து, இதுதான் வேற்று உலகம் என்கிறார், நாமும் நம்புகிறோம். நடித்த எடி கான்ஸ்டன்டைன் அதற்கு முன்பே பல பிரெஞ்சுப் படங்களில் இதே லெமி காஷன் பாத்திரத்தைச் செய்தவர், அதனால் அந்த மழைக்கோட்டு ஆளை அந்த ஊர் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தவே தேவையில்லை. விளக்க வேண்டியது நகரத்தை மட்டும். நீங்கள் இதிலிருந்து தொடங்குங்கள், மெதுவாக நகரும், முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.