நடுவருக்கு மைக் வேண்டுமா? கொடைக் கபடியும் ரக்பி லீக்கும்

களக்காட்டு ரெய்டர்:
போன வாரம் பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் கபடி. அரையிறுதி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஏறினேன், கூடுதலாக ஒரு பாயின்ட் தரும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தேன். ஒரு துணை நடுவர் போனஸ் என்று கட்டைவிரலைத் தூக்கினார், எதிரில் நின்றவர் இல்லை என்று கையாட்டினார். நடுவர் விசில் ஊதி, "பாயின்ட் இல்லை" என்று திரும்பிவிட்டார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் களத்துக்குள் இறங்கி, ஆட்டம் அரைமணி நேரம் நின்றது.

ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக்கை விடாமல் பார்ப்பவன் நான். அணிக்கு 13 பேர், ஓடி வருபவனைப் பிடித்துச் சாய்க்க வேண்டும். நம் ஆட்டத்துக்குச் சொந்தக்கார ஆட்டம் மாதிரியே இருக்கும். அங்கே நடுவர் மைக் மாட்டியிருக்கிறார். எதற்குப் பெனால்டி என்று அவர் சொல்வது டிவியில் பார்ப்பவருக்கும் கேட்கிறது. கொடைக்கு எப்படியும் ரேடியோ செட், அதாவது ஒலிபெருக்கி, கட்டுகிறோம். நடுவருக்கும் ஒரு காலர் மைக் கொடுத்தால் என்ன?

பாளை நடுவர்:
தம்பி, இருபது வருடமாகக் கொடை ஆட்டங்களில் துணை நடுவராக நிற்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் மைக் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற மைக்தான் வம்பே. நடுவர் கையைத் தூக்குவதற்குள் வர்ணனை சொல்பவர் "போனஸ்! போனஸ்!" என்று கத்திவிடுகிறார். அப்புறம் நடுவர் இல்லை என்றால், கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. துணை நடுவர்கள் வேறு வேறு சொன்னால் நடுவர் சொல்வதே முடிவு, அதுதான் விதி. நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு ஒரு பதில் வரும், பதிலுக்கு ஒரு பதில் வரும்.

சிட்னி நெல்லைக்காரன்:
அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இங்கே அந்தக் கருவி முதலில் ரசிகருக்காக இல்லை. நடுவரும், கோட்டோரம் ஓடுகிற இரண்டு டச் ஜட்ஜும் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான். ரசிகருக்குப் புரியும்படி செய்வது கொடியும் சைகையும். கோல் உதைக்கும்போது டச் ஜட்ஜ் இருவரும் கம்பத்துக்கு ஒருவராகப் பின்னால் நிற்பார்கள். கோல் என்றால் கொடி தலைக்கு மேலே போகும், இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே ஆடும். ஸ்டேடியத்தின் கடைசி வரிசைக்கும் அது தெரியும். பத்து நிமிடம் வெளியே அனுப்புவதைக்கூட இங்கே பத்து விரலையும் விரித்துக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் மஞ்சள் அட்டை.

ரெய்டர் தம்பி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2016 முதல் இங்கே பங்கர் என்று ஓர் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார்கள். அங்கே அனுப்பும் முன், ட்ரையா (பந்தை எதிரணியின் கோல் கோட்டிலோ அதைத் தாண்டியோ தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது) இல்லையா என்று நடுவர் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். படத்தில் மறுக்கத் தெளிவான ஆதாரம் இல்லையென்றால் அவர் சொன்னதே நிற்கும். தன் முடிவை வாய்விட்டுச் சொன்னதால் எந்த நடுவருக்கும் மரியாதை குறைந்து நான் பார்த்ததில்லை.

களக்காட்டு ரெய்டர்:
விளக்கம் சொன்னால் சண்டை வரும் என்கிறீர்கள் அண்ணாச்சி. சொல்லாமலேதானே வந்தது? நேற்று அந்த நடுவரைப் பார்த்துக் கேட்டேன். "எதிரணியில் அப்போது ஐந்து பேர்தான் நின்றார்கள்" என்றார். ஆறு பேராவது இருந்தால்தானே போனஸ்! அவர் சொன்னது சரி, நான் எண்ணவில்லை. "ஐந்து பேர், போனஸ் இல்லை" என்று நாலு வார்த்தை மைக்கில் வந்திருந்தால் நானே திரும்பி நடந்திருப்பேன்.

பாளை நடுவர்:
அப்படியென்றால் கட்டைவிரலைத் தூக்கினாரே, அவர் மேல்தான் தப்பு. காலைப் பார்ப்பதற்கு முன் தலையை எண்ண வேண்டும். அதைப் பழக்காமல் கருவி வாங்குவதில் பயனில்லை. எத்தனை கொடையில் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்புக் கோடு பத்து ரெய்டில் அழிந்துவிடும். இரண்டாவது பாதியில் போனஸ் கோடு எங்கே என்று காலால் தேடுகிறோம். இடைவேளை ஐந்து நிமிடத்தில் கோட்டை மறுபடி போடுங்கள். நடுவருக்கு முதல் கருவி அதுதான்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் இரண்டு நடுவர் வைத்து ஆடிவிட்டு, 2020இல் திரும்ப ஒருவராக்கினார்கள் என்று படித்தேன். களத்தில் குரல் குறையக் குறைய நல்லது.

சேரன்மகாதேவி செட்காரன்:
தொழில்காரனாக ஒரு வார்த்தை. நாலு பக்கமும் குழாய் கட்டிய இடத்துக்கு நடுவில் காலர் மைக் வைத்தால் கூவும், ஒன்றும் புரியாது. வர்ணனைக்காரர் கையில் இருக்கிற மைக்கையே நடுவரிடம் நீட்டச் சொல்லுங்கள். பத்து விநாடி பேசிவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். மைக் அவரிடம் இருக்கும் வரை வேறு சத்தம் வராது, அதற்கு நான் பொறுப்பு.

களக்காட்டு ரெய்டர்:
இது எனக்குச் சம்மதம். அண்ணாச்சி?

பாளை நடுவர்:
மைக்கைத் தொட மாட்டேன். ஆவணியில் எங்கள் பக்கம் ஒரு ஆட்டம் இருக்கிறது. சிக்கலான முடிவென்றால் இரண்டு கேப்டன்களையும் சேர்த்துக் கூப்பிட்டுக் காரணம் சொல்லும்படி நடுவரிடம் கேட்டுக்கொள்கிறேன். வந்து பாருங்கள்.

களக்காட்டு ரெய்டர்:
வருகிறேன் அண்ணாச்சி. ஆனால் அன்றைக்குக் களத்துக்குள் இறங்கியது கேப்டன்கள் இல்லை, கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள்.