ஃப்ரீபிஎஸ்டி: அன்பவுண்டை நீக்கிவிட்டுப் பழைய பைண்டுக்கே திரும்பலாமா?

அச்சகத்தான் (ஜார்ஜ்டவுன்):
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறோம். ஆறு கணினிகள், இரண்டு பிரிண்டர்கள். எல்லாவற்றுக்கும் டிஎன்எஸ் கொடுப்பது, அதாவது பெயர்களுக்கு எண் முகவரி தேடித் தருவது, பின்னறையில் தூசி படிந்து கிடக்கும் ஒரு பழைய கணினி. ஃப்ரீபிஎஸ்டி 9 இயங்குதளத்துடன் வந்த பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைத்தான் பல ஆண்டுகள் ஓட்டினேன். சென்ற மாதம் 14ஆம் பதிப்பை நிறுவினேன். பைண்டைக் காணோம், அந்த இடத்தில் அன்பவுண்ட் என்ற வேறொரு டிஎன்எஸ் மென்பொருள். சரியென்று அதையே மற்ற கணினிகளுக்கும் திறந்துவிட்டேன். மூன்று வாரம் குறையில்லை.

முந்தாநாள் மழையில் மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘செர்வ்ஃபெயில்’ என்ற பிழைதான். 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குப் பிங் போகிறது, அதாவது இணைய இணைப்பு இருக்கிறது. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். இப்போதைக்கு ஆறு கணினிகளிலும் வெளி டிஎன்எஸ் முகவரியைக் கையால் எழுதிச் சமாளிக்கிறேன். ஆனால் பிரிண்டர்களைப் பெயரால் அழைக்க முடியவில்லை. தைப்பூசத் துண்டறிக்கைக்கு வந்தவர் எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்க்கிறார்.

நன்றாக ஓடிய பைண்டை எதற்காக எடுத்தார்கள்? பேசாமல் அதையே நிறுவிவிடவா?

வேர்முனை:
அவசரப்படாதீர்கள் ஐயா. முதலில் இரண்டு பதில் வேண்டும். அந்தக் கணினியில் இன்றைய தேதி என்ன? டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிரில் கட்டளையில் சிடி கொடியைப் போட்டு, அதாவது கையொப்பத்தைச் சரிபார்க்காமல் கொடு என்று கேட்டால், பதில் வருகிறதா?

பைண்டை எடுத்தது 2014 ஜனவரியில் வந்த 10.0 பதிப்பில். பலருக்கு வேண்டியது தன் கணினிக்குப் பெயர் தேடித் தரும் ஒரு வேலையாள் மட்டுமே. பைண்டோ அந்த வேலையையும் பார்க்கும், ஒரு டொமைனுக்கு உரிய பதிலைத் தானே சொல்லும் வேலையையும் பார்க்கும். அவ்வளவு பெரியது இயங்குதளத்தின் அடிப்படையிலேயே இருந்தால், அதில் ஓட்டை விழும்போதெல்லாம் அதைத் தொடாதவரும் ஒட்டுப்போட வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியும் பைண்டை விட்டது. அங்கே தேடுவதற்கு அன்பவுண்ட், பதில் சொல்வதற்கு என்எஸ்டி. இரண்டும் நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதியவை.

அச்சகத்தான்:
சிடி போட்டால் பதில் வருகிறது! தேதி... 2010 ஜனவரி 1.

வேர்முனை:
நினைத்தேன். டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினியின் கணக்கில் இன்றைய கையொப்பங்கள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் அன்பவுண்ட் பதிலை மறுக்கிறது. எல்லா டொமைன்களுக்கும் மேலே இருக்கும் ரூட் மண்டலமே 2010 ஜூலையில்தான் கையொப்பம் பெற்றது. நீங்கள் அதற்கும் ஆறு மாதம் முன்னால் நிற்கிறீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்சாரம் போனதும் கடிகாரம் பழைய நாளுக்கு ஓடிவிட்டது.

நேரத்தைத் திருத்த வேண்டிய என்டிபி சர்வரையும் பெயரால்தான் தேட வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. ஒரு நேர சர்வரையாவது எண் முகவரியால் எழுதிவையுங்கள். வித்தியாசம் 1000 வினாடிக்கு மேல் போனால் நேரம் திருத்தும் நிரலான என்டிபிடி விலகிக்கொள்ளும். தொடங்கும்போது ஒருமுறை மட்டும் எவ்வளவானாலும் திருத்தும்படி அமைக்கலாம்.

பட்டர்வொர்த் வாசி:
நான் இன்றும் பைண்ட் பக்கம்தான். பல டொமைன்களைப் பார்த்துக்கொள்பவனுக்கு அதன் வசதி வேறு. ஆனால் இந்தக் கோளாறுக்கு அது மருந்தாகாது. உங்கள் பழைய பைண்ட் கையொப்பத்தைச் சரிபார்த்திருக்காது, அதனால் கடிகாரம் எங்கே ஓடினாலும் கவலைப்படவில்லை. இன்றைய பைண்ட், மாற்றாமல் விட்டால், சரிபார்க்கும்; இதே இடத்தில் இப்படியேதான் விழும்.

பிரிண்டர் பெயர்களுக்கு அன்பவுண்டில் பெயரையும் முகவரியையும் இணைக்கும் ‘லோக்கல்-டேட்டா’ வரி ஒவ்வொன்று போதும். இன்னொன்று: இயங்குதளத்துடன் வரும் அன்பவுண்ட் தன் கணினிக்கு மட்டும் என்று வைத்தது. கடை முழுக்கக் கொடுக்க, போர்ட்ஸ் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பிலிருந்து தனி அன்பவுண்டை நிறுவச் சொல்கிறது ஃப்ரீபிஎஸ்டி கையேடு.

அச்சகத்தான்:
கொம்தார் பக்கம் போய் சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டேன். பழையதை எடுத்தபோது விளிம்பில் பச்சை பூத்திருந்தது. தேதியைக் கையால் திருத்தி அன்பவுண்டை மறுபடி தொடங்கினேன். எல்லாப் பெயர்களும் வருகின்றன. நேர சர்வருக்கு எண் எழுதிவிட்டேன். போர்ட்ஸ் வேலை ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது. துண்டறிக்கை இப்போது பிரிண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.